நீர்ச்செடி வளரும் மீன் தொட்டிக்கு எவ்வளவு உரம்? அளவைக் கணக்கிடும் முழு வழி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தராசில் 3.7 கிராம் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் (செடிக்குப் பாஸ்பேட் தரும் உப்பு) நிறுத்து, கரைத்து, தொட்டியில் ஊற்றியாகிவிட்டது. கை கழுவிக்கொண்டு நிற்கும்போதுதான் உறைத்தது, போட வேண்டியது 0.37 கிராம். கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தேன். காகிதத்தில் 0.37 என்றே எழுதியும் இருந்தது. கண்ணுக்கும் கைக்கும் நடுவில் எங்கோ புள்ளி நகர்ந்துவிட்டது.

அதை எப்படிச் சமாளித்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். உரக் கணக்கு என்றதும் பலர் ஏதோ வேதியியல் பரீட்சை என்று பயந்து, புட்டியில் அச்சிட்டிருக்கும் 'வாரம் ஒரு மூடி'யோடு நின்றுவிடுகிறார்கள். உள்ளே இருப்பது ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல், அவ்வளவுதான். தப்பு வருவதெல்லாம் அதற்குள் நாம் கொண்டுபோய்ப் போடும் எண்களால். தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர் இருக்கிறது, பொட்டலத்தில் போட்டிருக்கும் சதவீதம் எதனுடைய சதவீதம், வாரம் எவ்வளவு தண்ணீர் மாற்றுகிறோம். இந்த மூன்றும் கையில் இருந்தால் மிச்சம் தானாக வரும்.

தண்ணீர் எத்தனை லிட்டர்?

நீளம் × அகலம் × உயரம், எல்லாம் சென்டிமீட்டரில். வருவதை 1000-ஆல் வகுத்தால் லிட்டர். 90 × 45 × 45 தொட்டிக்கு 182 லிட்டர் வரும். தொட்டி விற்பவர் சொல்வதும் இதுதான். ஆனால் இது கண்ணாடியின் வெளி அளவு.

கண்ணாடி 10 மில்லிமீட்டர் தடிமன் என்றால் உள்ளளவு 88 × 43, உயரம் 44. தண்ணீர் விளிம்புக்கு 3 சென்டிமீட்டர் கீழே நிற்கிறது, அடிமண் சராசரியாக 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மண்ணுக்கு மேலே தண்ணீரின் உயரம் 35 சென்டிமீட்டர்தான். 88 × 43 × 35 = 132 லிட்டர். கல்லும் கட்டையும் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ளும். மண்ணின் இடுக்குகளில் இருக்கும் தண்ணீரும் தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் பில்டருக்குள் (வடிகட்டி) இருப்பதும் அதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். 130 என்று வைத்துக்கொள்வோம். 182 என்று நம்பி உரம் போட்டால் ஒவ்வொரு முறையும் 40 சதவீதம் அதிகமாக விழும்.

இதைவிட நல்ல வழி, தொட்டியை முதன்முதலில் நிரப்பும்போது வாளியை எண்ணுவது. அளவு தெரிந்த வாளி, சுவரில் ஒட்டிய துண்டுக் காகிதத்தில் ஒவ்வொரு வாளிக்கும் ஒரு கோடு. தொட்டியை ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா? அடுத்த முறை தண்ணீர் மாற்றும்போது எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது, அதை நிரப்ப எத்தனை லிட்டர் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். அதை மண்ணுக்கு மேலுள்ள உயரத்தால் பெருக்கினால் போதும்.

அந்த ஒரு வரிக் கணக்கு

பிபிஎம் என்பதை ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம் வேலைக்கு அந்த விளக்கம் போதும். அப்படியானால்,

போட வேண்டிய உப்பு (மில்லிகிராம்) = வேண்டிய பிபிஎம் × லிட்டர் ÷ அந்த உப்பில் சத்தின் பங்கு

'பங்கு' என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். பொட்டாசியம் நைட்ரேட்டின் மூலக்கூறு எடை 101.1. அதில் நைட்ரேட் பகுதி மட்டும் 62. 62 ÷ 101.1 = 0.613. அதாவது ஒரு கிராம் உப்பைப் போட்டால் 613 மில்லிகிராம் நைட்ரேட் போட்டதாக அர்த்தம். மிச்சம் 387 மில்லிகிராம் பொட்டாசியம், அதுவும் செடிக்கு வேண்டியதுதான். அடிக்கடி பயன்படும் உப்புகளின் பங்கு இது:

பொட்டாசியம் நைட்ரேட்: நைட்ரேட் 0.613, பொட்டாசியம் 0.387
மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்: பாஸ்பேட் 0.698, பொட்டாசியம் 0.287
பொட்டாசியம் சல்பேட்: பொட்டாசியம் 0.449
மக்னீசியம் சல்பேட் (எப்சம் உப்பு): மக்னீசியம் 0.099

எப்சம் உப்பில் ஏன் இவ்வளவு குறைவு என்றால், அதன் எடையில் பாதிக்கு மேல் படிகத்துக்குள் இருக்கும் தண்ணீர்.

பொட்டலத்து எண்ணை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் அது எந்த மொழியில் பேசுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நீரில் கரையும் விவசாய உரப் பைகளில் 13-0-45, 0-52-34, 0-0-50 என்று மூன்று எண்கள் இருக்கும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்ற வரிசை. முதல் எண் தனி நைட்ரஜன். இரண்டாவது பாஸ்பரஸ் அல்ல, பாஸ்பேட்டும் அல்ல, பாஸ்பரஸ் பென்டாக்சைடு. மூன்றாவது பொட்டாசியம் ஆக்சைடு. அந்தப் பைக்குள் இந்த இரண்டு ஆக்சைடுகளும் பொருளாக இல்லை. உரத்தைச் சோதிப்பவர்கள் பழைய காலத்திலிருந்து கணக்கை அப்படி எழுதிப் பழகிவிட்டார்கள், நாமும் சுமக்கிறோம்.

மாற்றுவது எளிது. நைட்ரஜனை 4.43-ஆல் பெருக்கினால் நைட்ரேட். பாஸ்பரஸ் பென்டாக்சைடை 1.34-ஆல் பெருக்கினால் பாஸ்பேட். பொட்டாசியம் ஆக்சைடை 0.83-ஆல் பெருக்கினால் பொட்டாசியம். 0-52-34 பையில் 52 × 1.34 = 69.7. மேலே நாம் பார்த்த 0.698 திரும்ப வந்துவிட்டது பாருங்கள், இது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்தான். 52-ஐ அப்படியே பாஸ்பேட் சதவீதம் என்று எடுத்தவர் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகப் போட்டிருப்பார்.

இதே குழப்பம் சோதனைக் கருவியிலும் உண்டு. சில கருவிகள் நைட்ரேட்டைக் காட்டும், சில 'நைட்ரேட் நைட்ரஜனை'க் காட்டும். இரண்டாவது வகையில் 5 என்று வந்தால் நைட்ரேட் கணக்கில் அது 22. பெட்டிக்குள் இருக்கும் துண்டுச்சீட்டை ஒருமுறை படித்துவிடுங்கள்.

19-19-19 போன்ற கலவைகளைத் தொட்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். அவற்றில் நைட்ரஜனின் பெரும்பகுதி யூரியாவாகவும் அம்மோனியமாகவும் இருக்கும். தோட்டத்துக்கு அமிர்தம், மீனுக்கு விஷம். தண்ணீரின் பிஎச் கூடக்கூட விஷம் கடுமையாகும்.

எவ்வளவு குறி வைப்பது?

நீர்ச்செடி வளர்ப்பாளர் டாம் பார் பரப்பிய எஸ்டிமேட்டிவ் இண்டெக்ஸ் முறையைத்தான் நான் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்கிறேன். அதன் யோசனை எளியது: செடிக்கு எதுவும் குறையாத அளவுக்குக் கொஞ்சம் தாராளமாகப் போடு, வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றி மிச்சத்தை வெளியேற்று. அளந்துகொண்டே இருக்க வேண்டியதில்லை. நல்ல வெளிச்சமும் தனியாகச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடும் இருக்கும் தொட்டிக்கு வாரத்துக்கு நைட்ரேட் 20, பாஸ்பேட் 2, பொட்டாசியம் 20, இரும்பு 0.3 பிபிஎம் என்று வைத்தால் தவறாது.

கார்பன் டை ஆக்சைடு இல்லாத, மங்கலான வெளிச்சத்துத் தொட்டிக்கு இதில் நான்கில் ஒரு பங்கு போதும். அங்கே செடியைப் பிடித்து நிறுத்துவது கார்பன் தட்டுப்பாடு. உரத்தைக் கொட்டினால் செடி வேகமாக வளராது. மீன் நிறைய இருந்தால் தீவனம் வழியாகவே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வந்துகொண்டிருக்கும், ஆனால் பொட்டாசியமும் இரும்பும் அந்த வழியில் போதுமான அளவு வராது. புதிய அக்வா சாயில் (நீர்ச்செடிக்கென்றே விற்கும் சத்துள்ள அடிமண்) போட்டிருந்தால் முதல் சில வாரங்களுக்கு அதுவே அம்மோனியத்தைக் கசியவிடும். அப்போது நைட்ரேட் புட்டியைத் திறக்கவே வேண்டாம்.

இனி, 130 லிட்டர் தொட்டிக்கு முழுக் கணக்கு

நைட்ரேட்: 20 × 130 = 2600 மில்லிகிராம். 0.613-ஆல் வகுத்தால் 4241. அதாவது வாரத்துக்கு 4.24 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்.

பாஸ்பேட்: 2 × 130 = 260. 0.698-ஆல் வகுத்தால் 372 மில்லிகிராம், 0.37 கிராம். என் வில்லன் இதுதான்.

பொட்டாசியத்தில் அவசரப்படாதீர்கள். நைட்ரேட் உப்போடு ஏற்கெனவே பொட்டாசியம் வந்துவிட்டது: 4241 × 0.387 ÷ 130 = 12.6 பிபிஎம். பாஸ்பேட் உப்போடு 0.8. மொத்தம் 13.4. நமக்கு வேண்டியது 20, ஆகவே குறைவது 6.6. அதை 130-ஆல் பெருக்கி 0.449-ஆல் வகுத்தால் 1911 மில்லிகிராம், 1.9 கிராம் பொட்டாசியம் சல்பேட்.

இதை மூன்றாகப் பிரித்து வாரம் மூன்று நாள் போடுவது வழக்கம். தண்ணீர் மாற்றிய மறுநாள் பேரூட்டம் (நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம்), அடுத்த நாள் நுண்ணூட்டம் (இரும்பு முதலியவை) என்று மாற்றி மாற்றி. ஏழாம் நாள் மறுபடியும் பாதித் தண்ணீர்.

சமையல் தராசு இந்த வேலைக்கு ஆகாது. ஒரு கிராம் படிகளில் காட்டும் தராசில் 0.37 கிராம் வைத்தால் பூஜ்யம் காட்டும், இல்லாவிட்டால் 1 என்று குதிக்கும். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு வேண்டும். தேக்கரண்டி அளவு இன்னும் மோசம். படிகம் பொடியாக இருந்தால் ஒரு எடை, கல்கண்டுபோல் இருந்தால் வேறு எடை.

வாராவாரம் சேர்ந்துகொண்டே போகாதா?

போகும், ஆனால் ஓர் எல்லையில் நின்றுவிடும். செடி ஒரு துளிகூட உறிஞ்சவில்லை என்றே வைத்துக்கொள்வோம். முதல் வார முடிவில் 20 பிபிஎம். பாதித் தண்ணீர் மாற்றினால் 10. இரண்டாம் வாரம் 20 சேர்ந்து 30, மாற்றினால் 15. மூன்றாம் வாரம் 35, பிறகு 17.5. நான்காம் வாரம் 37.5. இப்படி 40-ஐ நெருங்கிக்கொண்டே போகும், தாண்டாது. பொதுவாகச் சொன்னால், உச்சம் = வார அளவு ÷ மாற்றும் பங்கு. பாதி மாற்றினால் 20 ÷ 0.5 = 40. கால்வாசி மட்டும் மாற்றினால் 20 ÷ 0.25 = 80. வேலை மிகுதியில் தண்ணீர் மாற்றும் அளவைக் குறைப்பவர்கள் உரத்தையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும் என்பது இதனால்தான். குழாய்த் தண்ணீரிலேயே நைட்ரேட் இருந்தால் அதையும் இதன் மேல் கூட்டிக்கொள்ளுங்கள்.

உண்மையில் செடி உறிஞ்சத்தான் செய்யும், எனவே நிஜ அளவு இதைவிடக் கீழேதான் நிற்கும். எவ்வளவு கீழே என்று அறிய ஆசைப்பட்டால் நைட்ரேட் சோதனை செய்யலாம்; ஆனால் முதலில் சோதனைக் கருவியையே சோதியுங்கள். 1.63 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால் அது 1000 பிபிஎம் நைட்ரேட். அதில் 10 மில்லியை எடுத்து 500 மில்லியாக நிரப்பினால் 20 பிபிஎம். இந்தத் தண்ணீரில் கருவி என்ன நிறம் காட்டுகிறதோ, அதுதான் உங்கள் வீட்டு '20'. அட்டையில் அச்சிட்ட நிறத்தோடு அது பொருந்தாமல் போனால் ஆச்சரியப்படாதீர்கள்.

புட்டியில் கரைத்து வைப்பது

தினம் தினம் மில்லிகிராமை நிறுத்துக்கொண்டிருப்பதைவிட, மொத்தமாகக் கரைத்து வைத்துச் சிரிஞ்சில் எடுத்து ஊற்றுவது நிம்மதி. துல்லியமும் கூடும், ஏனென்றால் பெரிய எடையில் தராசின் சிறு பிழை கரைந்துவிடும். 500 மில்லி புட்டி, ஒரு தடவைக்கு 10 மில்லி என்றால் 50 தடவை. வாரம் மூன்று முறை வீதம் நான்கு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும்.

வார அளவை மூன்றால் வகுத்து 50-ஆல் பெருக்குங்கள். பொட்டாசியம் நைட்ரேட் 70.7 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 6.2 கிராம். இரண்டையும் 400 மில்லி வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அப்புறம் 500 மில்லி கோடுவரை நிரப்ப வேண்டும். 500 மில்லி தண்ணீரை அளந்து அதில் உப்பைப் போட்டால் மொத்தம் 500-ஐத் தாண்டி, ஒவ்வொரு 10 மில்லியிலும் சத்து கொஞ்சம் குறையும். கரைக்கும்போது புட்டியைக் கையில் பிடித்துப் பாருங்கள், சில்லென்று குளிர்ந்துபோகும். பொட்டாசியம் நைட்ரேட் கரையும்போது வெப்பத்தை உள்ளே இழுக்கும். பாதியில் கரையாமல் அடியில் நின்றால் காரணம் பெரும்பாலும் அந்தக் குளிர்ச்சிதான். சிறிது நேரம் விட்டுக் குலுக்கினால் சரியாகிவிடும்.

பொட்டாசியம் சல்பேட்டையும் இதே புட்டியில் போட்டுவிடலாமே என்று தோன்றும். கணக்குப்படி 31.8 கிராம். தனியாக என்றால் 500 மில்லியில் தாராளமாகக் கரையும். 20 டிகிரியில் 100 மில்லி தண்ணீர் சுமார் 11 கிராம் தாங்கும். ஆனால் நைட்ரேட் உப்பு ஏற்கெனவே அந்தத் தண்ணீரில் ஏராளமான பொட்டாசியத்தை நிரப்பிவிட்டது. இரண்டு உப்புக்கும் பொதுவான அயனி (இங்கே பொட்டாசியம்) இருக்கும் இடத்தில் கரைதிறன் குறையும், மூவரில் கரைவதில் சோம்பேறியான சல்பேட் அடியில் படிகமாக உட்கார்ந்துகொள்ளும். மேலே இருக்கும் தெளிந்த நீரை ஊற்றிக்கொண்டு, பொட்டாசியம் போட்டதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். தனிப் புட்டி வையுங்கள்.

நுண்ணூட்டம்

இது கட்டாயம் வேறு புட்டி. பாஸ்பேட்டும் இரும்பும் அடர்த்தியாகச் சந்தித்தால் கலங்கி வீழ்படிவாகிவிடும், இரண்டும் வீண். தொட்டியில் ஒரே நாளில் ஊற்றாமல் மாற்று நாளில் ஊற்றச் சொல்வதும் இதற்காகத்தான்.

நுண்ணூட்டக் கலவையில் துத்தநாகம், மாங்கனீசு, போரான் என்று எல்லாம் இருந்தாலும் கணக்கை இரும்பை வைத்தே போடுவார்கள். பொட்டலத்தில் இரும்பு 7 சதவீதம் என்று இருந்தால், ஒரு தடவைக்கு 0.1 பிபிஎம் வேண்டும் என்றால்: 0.1 × 130 ÷ 0.07 = 186 மில்லிகிராம். 50 தடவைக்கு 9.3 கிராம். இந்தப் புட்டியை வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். இரும்பு வீழ்படிவாகாமல் பிடித்து வைக்கும் செலேட் என்ற பொருள் வெளிச்சத்தில் சிதையும், கூடவே பூஞ்சையும் பிடிக்கும்.

செலேட் வகையையும் பாருங்கள். ஈடிடிஏ என்ற வகை இரும்பை ஏறக்குறைய பிஎச் 6.5 வரை நன்றாகப் பிடித்து வைக்கும். கடினத் தண்ணீர், பிஎச் 7-க்கு மேல் என்றால் டிடிபிஏ வகை தேவை. அது சுமார் 7.5 வரை தாங்கும். இறால் வளர்ப்பவர்கள் கலவையில் செம்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

கால்சியம், மக்னீசியம்

குழாய்த் தண்ணீர் ஓரளவு கடினமாக இருந்தால் கால்சியத்துக்குப் பெரும்பாலும் கவலை இல்லை. ஆர்ஓ தண்ணீர் என்றால் அதில் ஒன்றுமே இல்லை, நீங்கள்தான் சேர்க்க வேண்டும். ஒரு வித்தியாசம் மட்டும் நினைவில் இருக்கட்டும்: இவற்றைப் புதிதாக ஊற்றும் தண்ணீருக்கு மட்டும் கணக்கிட வேண்டும். பாதி மாற்றினால் 65 லிட்டர். மக்னீசியம் 5 பிபிஎம் என்றால் 5 × 65 ÷ 0.099, சுமார் 3.3 கிராம் எப்சம் உப்பு. தொடங்கும் நாளில் மட்டும் முழு 130 லிட்டருக்கு 6.6 கிராம்.

கடையில் வாங்கிய திரவ உரம்

அதையும் இதே தட்டில் வைத்துப் பார்க்கலாம். லேபிளில் நைட்ரஜன் 1.5 சதவீதம் என்றால் ஒரு மில்லியில் ஏறத்தாழ 15 மில்லிகிராம். 4.43-ஆல் பெருக்கினால் நைட்ரேட் 66 மில்லிகிராம். 130 லிட்டரில் ஒரு மில்லி ஊற்றினால் 0.5 பிபிஎம். நம் ஒரு தடவை இலக்கு 6.7 பிபிஎம், ஆக 13 மில்லி. புட்டியில் 'ஒரு மூடி' என்று போட்டிருந்தால், அந்த மூடியில் எத்தனை மில்லி பிடிக்கிறது என்று சிரிஞ்சால் அளந்து பாருங்கள். லேபிளில் சதவீதமே இல்லாத உரத்தை நான் வாங்குவதில்லை.

செடியைப் பார்த்துத் திருத்துவது

எழுதிய எண்கள் ஆரம்பம்தான். இரண்டு மூன்று வாரம் கழித்து இலையைப் பாருங்கள், ஆனால் எந்த இலை என்பதுதான் விஷயம். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் நான்கையும் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதிய இலைக்குக் கொடுத்துவிடும். அதனால் இவை குறைந்தால் கீழே இருக்கும் முதிர்ந்த இலைகள்தான் முதலில் கெடும்: முழுதாக மஞ்சளானால் நைட்ரஜன், குண்டூசி குத்தியதுபோல் ஓட்டை விழுந்து ஓரம் கருகினால் பொட்டாசியம். இரும்பையும் கால்சியத்தையும் அப்படி நகர்த்த முடியாது. அவை குறைந்தால் நுனித் தளிர் வெளுக்கும். இரும்பு என்றால் நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், கால்சியம் என்றால் தளிர் சுருண்டு முறுக்கிக்கொள்ளும்.

ஏற்கெனவே கெட்ட இலை தேறாது. புதிதாக வரும் இலையை வைத்துத்தான் முடிவு சொல்ல முடியும். ஒரு நேரத்தில் ஒரு சத்தை மட்டும் கால் பங்கு கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். மூன்றையும் ஒன்றாகத் திருகினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்கும் தெரியாது. எல்லாம் சரியாக இருந்தும் செடி நின்றுபோனால் உரத்தை விட்டுவிட்டுக் கார்பன் டை ஆக்சைடையும் நீரோட்டத்தையும் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிக் குற்றவாளி அங்கேதான் இருக்கிறார்.

அதிகமாகப் போட்டுவிட்டால்?

அதற்கும் அதே கணக்குத்தான், திருப்பிப் போட வேண்டும். 3.7 கிராம் என்றால் 3700 × 0.698 ÷ 130, கிட்டத்தட்ட 20 பிபிஎம் பாஸ்பேட். வாரம் முழுவதற்கும் வேண்டியது 2. மீன்கள் வழக்கம்போல மேலே வந்து தீவனம் கேட்டுக்கொண்டிருந்தன, அவற்றுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் அன்றே பாதித் தண்ணீர் மாற்றினேன்: 10. குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலைத் தண்ணீர். மறுநாள் இன்னொரு பாதி: 5. அதற்கு மேல் மாற்றவில்லை. இரண்டு மாற்றத்தில் நைட்ரேட்டும் பொட்டாசியமும் கால் பங்குக்கு வந்திருந்தன, எனவே அவற்றை மட்டும் திரும்பப் போட்டேன். அடுத்த மூன்று வாரம் பாஸ்பேட்டைத் தொடவில்லை. அதுவரை இரண்டு உப்பையும் தனித்தனியாக நிறுத்துக்கொண்டிருந்தவன், நான்காம் வாரம்தான் புட்டியில் கரைத்தேன். மேலே மார்க்கரில் 'ஒரு தடவை 10 மில்லி, பாஸ்பேட் 0.67' என்று எழுதி ஒட்டியிருக்கிறது.